எடை குறைக்கக் கணக்கு எழுதுகிறீர்களா? சர்க்கரைக்குத் தனி வரி போடுங்கள்

உணவுக் கணக்கு எழுதும் செயலியைக் கைபேசியில் இறக்கிய முதல் வாரத்திலேயே பலரும் முட்டிக்கொள்ளும் இடம் சர்க்கரைதான். காலையில் ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், மதியம் தயிர் என்று எழுதி முடிப்பதற்குள் செயலி சிவப்பு காட்டத் தொடங்கிவிடும். அதே செயலியில், கடையில் குடித்த நான்கு டீயை 'டீ, 1 கப்' என்று எழுதினால், நீங்கள் தேர்ந்தெடுத்த பதிவைப் பொறுத்து, சர்க்கரை பூஜ்யம் என்றும் காட்டும். பழத்துக்குத் தண்டனை, டீக்கு மன்னிப்பு. இந்தக் குழப்பத்தில் பழத்தை நிறுத்திவிட்டு டீயைத் தொடர்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கும் இதை ஒழுங்காகச் சொல்லித்தர ஆளில்லை. தட்டுத்தடுமாறிப் பிடித்த முறையை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். சாப்பாடு மாறினால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் அளவுக்கு ஏற்கெனவே அவதிப்பட்டவர்கள் ஆகியோருக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது.

1. தொடங்கும் முன் சேகரிக்க வேண்டியவை

முதல் ஆவணம், உங்கள் வீட்டு மளிகை ரசீது. செயலியில் நாம் எழுதுவது ஞாபகத்திலிருந்து. ரசீதில் இருப்பது கடைக்காரர் எழுதியது. ரேஷனில் வாங்கிய சர்க்கரை, கடையில் வாங்கியது, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் என எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்குக் கூட்டுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 கிலோ தீர்கிறது என்றால், தலைக்கு ஒரு நாளைக்கு 33 கிராம். வெளியில் குடித்த டீயும் பிஸ்கட்டும் பேக்கரி கேக்கும் இதில் சேரவில்லை. பிறகு உங்கள் குறிப்பேடு "வீட்டில் நாளுக்கு 12 கிராம்தான்" என்று சொன்னால், யார் பொய் சொல்கிறார்கள் என்று தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, இரத்தப் பரிசோதனை அறிக்கை. வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை அளவும், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் இரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும் போதும். எச்.பி.ஏ.1.சி. 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவு. தனியார் ஆய்வகத்தில் இதற்குச் சில நூறு ரூபாய் ஆகும். இரத்தச் சர்க்கரையை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். நீரிழிவு இருப்பது தெரியாமலேயே எடைக் கணக்கில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இது.

மூன்றாவது, ஒரு டிஜிட்டல் சமையலறைத் தராசு. 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைக்கும். 1 கிராம் வரை காட்டினால் போதும். வாங்கியதும் சோதித்துப் பாருங்கள்: பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை 7.71 கிராம், ஆகவே ஐந்து நாணயங்களை அடுக்கினால் 38 அல்லது 39 காட்ட வேண்டும். விலை குறைந்த தராசுகளில் ஒரு கோளாறு உண்டு. மேலே பாத்திரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் முள் நகராததுபோல எண் அப்படியே நிற்கும். அதற்கு வழி, சர்க்கரை டப்பாவைத் தராசில் வைத்து, 'டேர்' பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கி, டப்பாவிலிருந்து ஸ்பூனால் எடுப்பது. எடுத்த அளவு கழித்தல் குறியோடு தெரியும்.

செயலிக்குக் காசு கட்ட அவசரப்பட வேண்டாம். இலவசப் பதிப்பே இந்த வேலைக்குப் போதும். 'ஏழு நாள் இலவசம்' என்று கேட்டால், எட்டாம் நாள் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுச் சந்தா தானாகப் போகும் அனுமதியையும் சேர்த்தே கேட்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

2. எந்தச் சர்க்கரையை எண்ணுவது என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான செயலிகள் பழத்தில் உள்ளது, பாலில் உள்ளது, நீங்கள் ஸ்பூனால் போட்டது எல்லாவற்றையும் ஒரே வரியில் கூட்டிவிடும். 150 மில்லி பாலில் இயற்கையாகவே 7 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. நடுத்தர வாழைப்பழத்தில் 14 கிராம். நீங்கள் கட்டுப்படுத்த வேண்டியது இவற்றை அல்ல. உலக சுகாதார நிறுவனம் வரம்பு விதித்திருப்பதும் இவற்றுக்கு அல்ல.

எண்ண வேண்டியவை: வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன், சர்பத்து, பாக்கெட் உணவில் சேர்த்தது. இவற்றோடு பழச்சாறும் சேரும். சர்க்கரை போடாமல் பிழிந்தாலும் சேரும். கரும்புச் சாறும் அப்படியே. முழுப் பழத்தை மென்று தின்றால் கணக்கில் இல்லை, அதையே பிழிந்து குடித்தால் கணக்கில் உண்டு.

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். "நான் சர்க்கரையே தொடுவதில்லை, நாட்டுச் சர்க்கரைதான்" என்பார்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய பட்டியலில் 100 கிராம் வெள்ளைச் சர்க்கரைக்கு 398 கலோரி, 100 கிராம் வெல்லத்துக்கு 383. எடை குறைப்புக் கணக்கில் இந்தப் பதினைந்து கலோரிக்கு ஒரு மதிப்பும் கிடையாது. வெல்லத்தின் மணத்துக்காகப் போட்டுக்கொள்ளுங்கள், தாராளமாக. மருந்து என்று நினைத்து இரண்டு மடங்கு போடாதீர்கள்.

இனி, செயலியில் 'சொந்த உணவு' சேர்க்கும் இடத்துக்குப் போய், 'சேர்த்த சர்க்கரை' என்ற பெயரில் ஒரு பதிவை உருவாக்குங்கள். 1 கிராமுக்கு 4 கலோரி. டீயோ கேசரியோ, சேர்த்த சர்க்கரையை இந்தப் பெயரிலேயே கிராம் கணக்கில் எழுதுங்கள். நாள் முடிவில் இந்தப் பெயருக்கு எதிரே உள்ள எண்களை மட்டும் கூட்டினால் போதும். செயலியின் சிவப்பு வரியை மறந்துவிடலாம்.

3. உங்கள் வரம்பைக் குறித்துக்கொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது: இந்த வகைச் சர்க்கரை, ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 25 கிராமை எல்லையாக வைத்திருக்கிறது.

எடை குறைக்க நீங்கள் 1,500 கலோரிக்குத் திட்டமிட்டிருந்தால் பத்து சதவீதம் என்பது 37 கிராம். ஐந்து சதவீதம் 19 கிராம். முதல் மாதத்துக்குப் பெரிய எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. முதல் நாளே 19 என்று எழுதிவைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரம் குறிப்பேட்டையே மூடிவிடுகிறார்கள்.

4. முதல் வாரம் எதையும் குறைக்காமல் எழுதுங்கள்

வழக்கம்போலச் சாப்பிடுங்கள், ஆனால் எழுதுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் ஆகும். சாப்பிட்ட உடனே எழுத வேண்டும். இரவில் மொத்தமாக எழுதினால், பக்கத்து மேசைக்காரர் பிறந்தநாளுக்கு நீட்டிய சாக்லேட் காணாமல் போயிருக்கும்.

இருமல் மருந்து, லேகியம், சத்துமாவில் கலந்த சர்க்கரை, பாலில் கலக்கும் பொடி, கோயில் பிரசாதம், தக்காளி சாஸ் ஆகியவை குறிப்பேட்டுக்கு வராமல் தப்பிக்கும் கூட்டம். சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் 4 கிராம் அளவுக்கு இருக்கும். ஆனால் சாம்பாரில் போட்ட சுண்டைக்காய் அளவு வெல்லத்தை எல்லாம் துரத்த வேண்டாம். 2 கிராமுக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வேலை சலித்துவிடும்.

5. டீ, காபிக் கணக்கு

நம் ஊரில் சர்க்கரைக் கணக்கு என்பது பெரும்பாலும் டீ, காபிக் கணக்குதான். ஆகவே இதில் கொஞ்சம் நேரம் செலவிடலாம்.

உங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் கிடக்கும் ஸ்பூனை எடுங்கள். 'ஒரு ஸ்பூன் 4 கிராம்' என்று புத்தகத்தில் இருப்பது அளவு ஸ்பூனைத் தலைதட்டி எடுத்தால்தான். எங்கள் வீட்டு ஸ்பூன் தலைதட்டினால் 5 கிராம், கோபுரமாக அள்ளினால் 9. அள்ளுபவர் தலைதட்டுவதில்லை. நான்கு டீ, ஒவ்வொன்றிலும் ஒரு கோபுரம். 36 கிராம் அங்கேயே முடிந்துவிட்டது. 1,500 கலோரிக்காரருக்கு அன்றைய வரம்பு முழுவதும் டம்ளருக்குள் போய்விட்டது என்று பொருள்.

டீக்கடையில் மாஸ்டர் முதலில் சர்க்கரையைக் கிளாஸில் போட்டு வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் டிகாஷனை ஊற்றுகிறார். நீங்கள் போய் நின்ற பிறகு 'சர்க்கரை கம்மி' என்று சொன்னால், ஏற்கெனவே போட்ட கிளாஸ் வேறொருவருக்குப் போகும், அல்லது மேலோட்டமாகக் கொஞ்சம் கொட்டிவிட்டு உங்களுக்கே வரும். 'அரைச் சர்க்கரை' என்பதும் அவர் கையின் அளவு. கடைக்குக் கடை மாறும். நான் கண்ட நல்ல வழி, சர்க்கரை இல்லாமல் வாங்கி, தனியாகக் கேட்டு நாமே போட்டுக்கொள்வது. ஓட்டல்களில் தயங்காமல் தருவார்கள். தெருமுனைக் கடையில் நாலு நாள் கேட்டால் ஐந்தாம் நாள் மாஸ்டரே ஞாபகம் வைத்துக்கொள்வார்.

ஏமாறும் இடங்கள் மூன்று. பிளாஸ்கில் வரும் பார்சல் டீயில் சர்க்கரை முன்பே கலந்திருக்கும். கல்யாண மண்டபக் காபியும் அப்படியே. அலுவலக இயந்திரத்தில் வரும் டீ, பல இடங்களில் சர்க்கரையோடு சேர்ந்த பொடியில் போடப்படுகிறது. 'சர்க்கரை இல்லாமல்' என்ற பொத்தான் இல்லை என்றால், பொடி பாக்கெட்டை வாங்கி லேபிளைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது செயலியில் 'டீ' என்று தேடாதீர்கள். அந்தப் பதிவு யாரோ எங்கோ சேர்த்தது. சர்க்கரை அதில் உண்டா இல்லையா என்று தெரியாது. பால் இத்தனை மில்லி, சேர்த்த சர்க்கரை இத்தனை கிராம் என்று இரண்டு வரியாக எழுதுங்கள். ஒருமுறை 'என் காலை டீ' என்று சேமித்துவிட்டால் அடுத்த நாள் ஒரு தட்டில் முடிந்துவிடும்.

6. லேபிளைப் படிக்கும் முறை

பாக்கெட்டின் பின்புறக் கட்டத்தில் 'டோட்டல் சுகர்ஸ்', அதன் கீழே 'ஆடட் சுகர்ஸ்' என்று இரண்டு வரிகள் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. பெரும்பாலும் 100 கிராமுக்குத்தான் எண் தந்திருப்பார்கள். 100 கிராமுக்கு 24 கிராம் என்றிருந்து, 60 கிராம் பாக்கெட்டை முழுவதும் தின்றுவிட்டால், 14.4 கிராம். 'ஒரு பரிமாறல்' என்று அவர்கள் போட்டிருக்கும் மூன்று பிஸ்கட்டோடு யாரும் நிறுத்துவதில்லை. தின்றதை எடைபோட்டு எழுதுங்கள்.

பக்கத்தில் ஒரு சதவீதம் இருக்கும். அதை நம்பி ஏமாறாதீர்கள். அந்தச் சதவீதம் 2,000 கலோரிக்கும் 50 கிராம் சேர்த்த சர்க்கரைக்கும் கணக்கிட்டது. 20 சதவீதம் என்று போட்டிருந்தால் 10 கிராம். உங்கள் வரம்பு 25 கிராம் என்றால் அது 40 சதவீதம்.

கூட்டுப்பொருள் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் இருக்கும். சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஜூஸ் கான்சென்ட்ரேட், தேன் எல்லாம் ஒரே குடும்பம். தனித்தனியாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். அதனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி சர்க்கரை வரியில் வராது, ஆனால் கிராமுக்குக் கலோரி அதே 4.

'சுகர் ஃப்ரீ' என்று போட, 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பாக்கெட்டுக்கு அது சரி. ஆனால் இனிப்புக் கடைக் கண்ணாடிக்குள் அட்டை எழுதி வைத்திருக்கும் 'சுகர் ஃப்ரீ' லட்டில் பேரீச்சையும் நெய்யும் முந்திரியும் இருக்கும். சர்க்கரை போடவில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், எடைக்கு அதனால் பெரிய லாபமில்லை.

குளிர்பானத்துக்கு லேபிள் படிக்கக்கூடத் தேவையில்லை. சாதாரண கோலா வகைகளில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் இருக்கும். 300 மில்லி குடித்தால் அன்றைய கணக்கு மூடப்பட்டது.

7. வீட்டில் செய்த இனிப்பை எழுதுவது

'கேசரி, 1 கப்' என்று செயலியில் தேடினால் பத்துப் பதிவுகள் வரும், பத்தும் வேறு வேறு எண் சொல்லும். நீங்களே கணக்குப் போடுவது எளிது.

வாணலியை வெறுமனே எடைபோட்டு, அந்த எண்ணை மார்க்கரால் கைப்பிடியில் எழுதிவிடுங்கள். 200 கிராம் ரவைக்கு 300 கிராம் சர்க்கரை போட்டீர்கள் என்று வையுங்கள். கிண்டி இறக்கியதும் வாணலியோடு எடைபோட்டு, வாணலியின் எடையைக் கழியுங்கள். 1,100 கிராம் கேசரி இருக்கிறது என்றால், 300-ஐ 1,100-ஆல் வகுத்தால் 0.27. உங்கள் கிண்ணத்தில் 80 கிராம் விழுந்தால் சர்க்கரை 22 கிராம். நெய்யை அதன் பெயரில் தனியாக எழுதுங்கள். கலோரியில் அது சர்க்கரைக்குச் சளைத்ததல்ல.

கடை இனிப்புக்கு இப்படிச் செய்ய முடியாது. லட்டு, மைசூர்பாகு, ஜாங்கிரி போன்றவற்றில் எடையில் பாதி சர்க்கரை என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். துல்லியமில்லைதான், குறைத்து எழுதி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதைவிட மேல்.

8. எதை முதலில் வெட்டுவது

முதல் வாரத்துக் குறிப்பேட்டைத் திறந்து, சேர்த்த சர்க்கரையின் எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். மேலே உள்ள இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவை குளிர்பானம் அல்லது ஜூஸ், அடுத்தது டீ.

பானங்களை ஒரேயடியாக நிறுத்திவிடலாம். மோர், எலுமிச்சை உப்புத் தண்ணீர் என்று மாற்று நிறைய உண்டு. டீயில் அப்படிச் செய்தால் பெரும்பாலோர் மூன்றாம் நாளே பழைய ஸ்பூனுக்குத் திரும்பிவிடுகிறார்கள். தராசு இருக்கிறதே, பயன்படுத்துங்கள்: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டம்ளருக்கு 2 கிராம் குறைத்தால் நாக்கு சண்டை போடாது. 9-லிருந்து 3-க்கு வர ஆறு வாரம். அதற்குப் பிறகு பழைய டீயைக் குடித்தால் பாயசம்போல இருக்கும்.

இனிப்பு மாத்திரைகளுக்கு மாறலாமா என்று கேட்பார்கள். எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. இனிப்பு குறைந்த டீக்குப் பழகுவதுதான் நோக்கம் என்றால், மாத்திரை அந்தப் பழக்கத்தைத் தள்ளித்தான் போடுகிறது.

இதிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளுக்கு 36 கிராமை 12 ஆக்கினால் மிச்சம் 24 கிராம், 96 கலோரி. மாதத்துக்கு 2,900 கலோரி வரும். ஒரு கிலோ உடற்கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற பொதுக் கணக்கில், மாதம் அரைக் கிலோவுக்கும் குறைவு. 'சர்க்கரையை விட்டேன், பத்துக் கிலோ போனது' என்கிறவர் கூடவே பரோட்டாவையும் மிக்சரையும் விட்டிருப்பார். முறுக்கிலும் வடையிலும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் இல்லை, கலோரி ஏராளம். ஆகவே மொத்தக் கலோரி வரியையும் விடாதீர்கள்.

9. விருந்தும் பண்டிகையும்

நாள் வரம்பை ஏழால் பெருக்கி வார வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். 25 கிராம்காரருக்கு வாரம் 175. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் திங்கள் முதல் நாளுக்கு 5 கிராம் சேமித்தால், சனி இரவு 30 கிராம் கையில் இருக்கும். அன்றைய 25-ஐயும் சேர்த்தால் இலையில் வைத்த பாயசத்தை நிம்மதியாகச் சாப்பிடலாம். கடன் வாங்கிப் பிறகு அடைக்கும் முறை மட்டும் வேண்டாம். தீபாவளிக் கடனைப் பொங்கல் வரை இழுத்தவர்கள் உண்டு.

உறவினர் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுங்கள்: "அத்தை, எனக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம்." அடுப்படியிலிருந்து டபரா வந்த பிறகு சொன்னால் மனத்தாங்கல். எப்போது சொன்னாலும் "உனக்கும் வந்துவிட்டதா?" என்ற விசாரணை இருக்கும். "வரக் கூடாது என்றுதான்" என்ற பதில் பெரும்பாலும் வேலை செய்கிறது.

10. எடையும் மறுபரிசோதனையும்

காலையில் கழிப்பறை போய்வந்தபின், எதுவும் குடிக்கும் முன், ஒரே தராசில் எடை பாருங்கள். முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமும் கூடியிருந்தால் நீர் தங்கி ஒரு கிலோகூட ஏறிக் காட்டும். மாதவிடாய் நாட்களிலும் அப்படியே. வாரச் சராசரியை மட்டும் முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். நான்கு வாரம் நகரவில்லை என்றால், சர்க்கரையை மேலும் இறுக்குவதற்கு முன் எண்ணெய், சோறு, நொறுக்குத் தீனி ஆகியவற்றை ஒழுங்காக எடைபோட்டு எழுதுகிறீர்களா என்று பாருங்கள்.

மாதக் கடைசியில் மளிகை ரசீதை மறுபடி கூட்டுங்கள். நீங்கள் குறைத்திருந்தால் வீட்டுச் சர்க்கரையும் அந்த அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை மட்டும் அடுத்த மாதமே எடுக்க ஓடாதீர்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது. மூன்று மாதம் ஆவதற்குள் எடுத்தால், மருத்துவர் கேட்டிருந்தால் ஒழிய, காசுதான் வீண்.